அடுக்குப் பொருட்களின் அமைப்பு மாறுபாடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, காலாப்பட்டு, கடலூர், சிதம்பரம் பக்கம் கிராஃபீன், மாலிப்டினம் டைசல்பைடு போன்ற அடுக்குப் பொருட்களில், அதாவது மெல்லிய அணுத்தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய பொருட்களில், ப்ராஜெக்ட் செய்யும் முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்காக எழுதியது. டெம் (மாதிரியை ஊடுருவும் எலக்ட்ரான்களால் படம் எடுக்கும் நுண்ணோக்கி) என்றால் என்ன, ஸ்டெம் (அதையே கூர்மையான கற்றையால் புள்ளி புள்ளியாக வருடி எடுப்பது) என்றால் என்ன என்கிற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அமைப்பு மாறுபாடு என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

ஒரே தாளுக்குள் இருப்பவை ஒரு வகை: அணு விடுபட்ட இடம், இரண்டு படிகமணிகள் சேரும் எல்லை, சுருக்கம், இழுவிசை. தாளின் மேல் தாள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னொரு வகை. கிராஃபீனில் அடுக்குகளுக்கு இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம், மாலிப்டினம் டைசல்பைடில் 6.15 ஆங்ஸ்ட்ராம். இந்த இடைவெளியில் இரண்டு தாள்களையும் பிடித்து வைத்திருப்பது வலுவில்லாத வாண்டர் வால்ஸ் விசை மட்டும்தான். அதனால் மேல் தாள் நகரலாம், திரும்பலாம், தலைகீழாகவும் உட்காரலாம். மாலிப்டினம் டைசல்பைடின் 2எச், 3ஆர் என்ற இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு அடுக்கும் முறை மட்டுமே. 1டி வடிவத்தில் கந்தக அணுக்களே இடம் மாறியிருக்கும்.

இவை எல்லாவற்றையும் நுண்ணோக்கி ஒரே தளத்தில் நிழலாக விழவைத்துக் காட்டுகிறது. ஒரே நிழலை இரண்டு வேறு அமைப்புகள் தரலாம். கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் போலிகளைப் பற்றியவை.

எங்களுக்குக் கிடைப்பது சாதாரண 200 கிலோவோல்ட் டெம். லென்ஸ் குறையைச் சரிசெய்யும் பிழைதிருத்தி இல்லை. இதில் ஏதாவது செய்ய முடியுமா?

நிறையவே செய்யலாம். அடுக்கு எண்ணிக்கை, திருகு கோணம், படிகமணிகளின் திசை, ஏபி–பிஏ அடுக்குப் பகுதிகள் (மேல் தாள் எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தவை), அவற்றின் எல்லைக்கோடுகள் எல்லாமே டிஃப்ராக்‌ஷனிலும் டார்க் ஃபீல்டிலும் கிடைக்கும். டிஃப்ராக்‌ஷன் என்பது படிகம் எலக்ட்ரானைச் சிதறடித்துத் தரும் புள்ளிக்கோலம்; டார்க் ஃபீல்டு அதில் ஒரு புள்ளியை மட்டும் வைத்து எடுக்கும் படம். பிழைதிருத்தி தேவைப்படுவது தனித்தனி அணுவை எண்ணும்போதுதான்.

மின்னழுத்தத்தை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். கிராஃபீனில் கார்பன் அணுவை எலக்ட்ரான் நேரடியாக இடித்துத் தள்ளுவது ஏறக்குறைய 86 கிலோவோல்ட்டில் தொடங்குகிறது. மாலிப்டினம் டைசல்பைடில் கந்தகம் 80 கிலோவோல்ட் பக்கத்திலேயே கிளம்பிவிடும். போரான் நைட்ரைடில் போரானும் ஏறக்குறைய அந்த அளவிலேயே போய், முக்கோண ஓட்டைகளை விட்டுச் செல்லும். அதனால்தான் இந்தத் துறையில் 60, 80 என்ற எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலான 200 கிலோவோல்ட் கருவிகளை 80-க்கு இறக்க முடியும். ஆனால் லென்ஸ்களின் வெப்பநிலை நிலைப்பட மணிக்கணக்கில் ஆகும். முந்தின நாள் மாலையே இறக்கி வைக்கும்படி ஆபரேட்டரிடம் சொல்லிவிடுங்கள். இறக்கவே முடியாது என்றால் 200-லேயே கற்றையை நன்றாக விரித்து டிஃப்ராக்‌ஷன் மட்டும் எடுங்கள். ஒரே இடத்தை இரண்டாம் தடவை எடுத்தால் அது பழைய இடமாக இருக்காது.

செம்பு ஃபாயிலில் வளர்த்த கிராஃபீனைக் கிரிட்டுக்கு (டெம்மில் மாதிரியைத் தாங்கும் சல்லடை வட்டு) மாற்றுவது எப்படி?

ஃபாயிலின் இரண்டு பக்கமும் கிராஃபீன் வளரும். முன்பக்கத்தில் 4 சதவீத பி.எம்.எம்.ஏ. (தாளைத் தாங்கும் பிளாஸ்டிக்) கரைசலை ஊற்றி ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 3000 முதல் 4000 சுற்று, 60 விநாடி. பிறகு பின்பக்கக் கிராஃபீனை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் எரித்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். பின்பக்கத் தாள் மிதந்து வந்து அடியில் ஒட்டிக்கொண்டால், "திருகிய ஈரடுக்கு கிடைத்துவிட்டது" என்று நினைப்பீர்கள். கிடைத்திருப்பது நீங்களே ஒட்டிய இரண்டு தனித்தாள்.

அடுத்தது அம்மோனியம் பெர்சல்பேட், 0.1 மோலார்: 100 மில்லிக்கு 2.28 கிராம். 25 மைக்ரான் ஃபாயில் துண்டைப் பி.எம்.எம்.ஏ. பக்கம் மேலே இருக்கும்படி மிதக்கவிட்டு, இரவு முழுவதும் மூடி வையுங்கள். ஃபெரிக் குளோரைடு வேகமாகக் கரைக்கும், ஆனால் இரும்பு ஆக்சைடு துகள்களை விட்டுப்போகும். அவை டெம்மில் கருப்புப் புள்ளிகளாகக் கண்ணை உறுத்தும். காலையில் பார்த்தால் செம்பு இருக்காது. வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு படலம் நீர்மட்டத்தில் கிடக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அதன் ஓரம் தெரியும். சுத்தமான கண்ணாடித் தகட்டால் அடியிலிருந்து ஏந்தி, அடுத்த தட்டு நீருக்கு மாற்றுங்கள். மூன்று தட்டு, ஒவ்வொன்றிலும் 20 நிமிடம்.

கிரிட் தங்கமாக இருக்கட்டும். மிச்சமிருக்கும் பெர்சல்பேட் செம்புக் கிரிட்டையும் தின்னும். 1.2 அல்லது 2 மைக்ரான் துளைகள் உள்ள கார்பன் படலக் கிரிட் நல்லது. சாமணத்தால் கிரிட்டைப் பிடித்துப் படலத்தின் நடுவில் வரும்படி சாய்வாக ஏந்துங்கள். சாய்த்தபடியே காயவிட்டு, பிறகு 130 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்தால் படலம் கார்பனோடு ஒட்டும்.

பி.எம்.எம்.ஏ.-வை எடுப்பதில்தான் பாதிக் கிரிட்டுகள் சாகின்றன. 50 டிகிரி அசிட்டோனில் கிரிட்டை மெல்ல இறக்கி, 30 நிமிடம் ஆட்டாமல் வைத்து, அப்படியே ஐ.பி.ஏ.-வுக்கு (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) மாற்றிக் காயவிடுங்கள். கடைசியாக நீரில் கழுவாதீர்கள். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், ஐ.பி.ஏ.-வுக்கு 22 அளவுதான். நீர் காயும்போது துளைமேல் நிற்கும் தாளை இழுத்துக் கிழித்துவிடும்.

சிலிக்கான் மேல் இருக்கும் மாலிப்டினம் டைசல்பைடுக்கும் இதே முறையா?

பி.எம்.எம்.ஏ. வரை ஒன்றுதான். செம்புக்குப் பதில் இங்கே கரைப்பது சிலிக்கான் ஆக்சைடை. 2 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 100 மில்லிக்கு 11.2 கிராம். ஓரங்களைக் கத்தியால் லேசாகக் கீறிவிட்டால் கரைசல் உள்ளே போகும். படலம் கழன்றதும் உடனே நீருக்கு மாற்றிவிடுங்கள்.

கேன் தண்ணீரில் கழுவினால் என்ன ஆகும்?

கழுவாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கரைந்த உப்பு மிச்சம் இருக்கும். கடலோரப் போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 18 மெகாஓம் டீ-அயனைஸ்டு நீர்தான் வேண்டும், அதுவும் அன்றைக்குப் பிடித்ததாக.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சோடியம் குளோரைடில் (200) என்று குறிக்கும் படிகத் தளங்களின் இடைவெளி 2.82 ஆங்ஸ்ட்ராம். மாலிப்டினம் டைசல்பைடின் (100) இடைவெளி 2.74. வேறுபாடு 3 சதவீதம்தான். அளவுகோலைச் சரிபார்க்காத கேமராவில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். உப்புத் துகள் உங்கள் புள்ளிகளின் பக்கத்தில் புதுப் புள்ளிகள் போட்டால் அதை "இழுபட்ட பகுதி" என்று எழுதிவிட வாய்ப்புண்டு. வடிவத்தைப் பாருங்கள்: உப்பின் படிகமணி கற்றைக்கு நேராக இருந்தால் சதுரம் வரும், உங்கள் பொருள் அறுகோணம் தரும். அளவுகோலைப் பல்படிகத் தங்கத்தின் (111) வளையத்தை வைத்து, 2.355 ஆங்ஸ்ட்ராம் என்று, அதே நாளில், அதே கேமரா நீளத்தில் சரிசெய்யுங்கள். வளையம் முழு வட்டமாக இருக்காது. ஒன்றிரண்டு சதவீதம் நீள்வட்டமாக இருப்பது சகஜம். அதைத் திருத்தாமல் 1 சதவீத இழுவிசை பற்றிப் பேச முடியாது.

ஓரடுக்கா, ஈரடுக்கா என்று எப்படி உறுதி செய்வது?

கிராஃபீனின் டிஃப்ராக்‌ஷன் படத்தில் உள்வட்டப் புள்ளிகள் 2.13 ஆங்ஸ்ட்ராம், வெளிவட்டம் 1.23 ஆங்ஸ்ட்ராம். ஓரடுக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம், அல்லது உள்வட்டம் கொஞ்சம் கூடுதல். ஏபி அடுக்கான ஈரடுக்கில் வெளிவட்டம் தெளிவாக ஓங்கி நிற்கும். காரணம் எளிது. மேல் தாள் ஒரு பிணைப்பு நீளம், அதாவது 1.42 ஆங்ஸ்ட்ராம், நகர்ந்திருப்பதால் உள்வட்டப் புள்ளியில் இரண்டு தாள்களின் அலைகளும் 120 டிகிரி கட்டம் (ஃபேஸ்) விலகி, ஒரு தாளின் செறிவே மிஞ்சும். வெளிவட்டத்தில் கட்டம் ஒத்துப்போய் நான்கு மடங்காகும்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. ஏஏ அடுக்காக, அதாவது தாள்கள் நகராமல் நேர்மேலே, இருந்தால் விகிதம் ஓரடுக்கு போலவே வரும். அதனால் ஸ்டேஜைச் சாய்த்துப் பாருங்கள். ஓரடுக்கின் புள்ளிச் செறிவு சாய்வால் பெரிதாக மாறாது. ஈரடுக்கில் ஏறி இறங்கும். 0, 5, 10, 15 டிகிரி என நான்கு படங்கள் போதும். சாய்க்கும்போது புள்ளிகள் அகன்று மங்கினால் பயப்பட வேண்டாம். தொங்கும் தாள் எப்போதும் சில டிகிரி அளவுக்கு அலையலையாக இருக்கும், அதன் விளைவு அது.

மடிந்த ஓரத்தில் கோடு எண்ணுவதையும் பலர் செய்கிறார்கள். துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், தனிச் சான்றாக வேண்டாம். ஃபோகஸ் தவறினாலே ஒரு கோடு இரண்டாகிவிடும்.

ஏபி, பிஏ பகுதிகளை டார்க் ஃபீல்டில் பிரித்துக் காட்ட முடியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஏன்?

நேராக வைத்துப் பார்ப்பதால். சாய்வில்லாத நிலையில் இரண்டுக்கும் உள்வட்டச் செறிவு துல்லியமாகச் சமம்: ஒன்றில் கட்டம் +120, மற்றதில் −120. சாய்த்தால் அடுக்கு இடைவெளியால் இரண்டுக்கும் ஒரே அளவு கூடுதல் கட்டம் சேரும், சமநிலை உடையும்.

எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே வைத்துக்கொள்ளலாம். 60 டிகிரி கட்டம் சேர்ந்தால் ஒரு பகுதி 180 ஆகி அணைந்துவிடும், மற்றது −60 ஆகி ஒரு தாளைப் போல மூன்று மடங்கு ஒளிரும். 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்கும் 2.13 புள்ளிக்கும் இதற்குத் தேவையான சாய்வு சுமார் 6 டிகிரி. சாய்வு அச்சு நீங்கள் தேர்ந்தெடுத்த புள்ளியின் திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அச்சு அந்தத் திசையிலேயே இருந்தால் எவ்வளவு சாய்த்தாலும் ஒன்றும் நடக்காது. "சாய்த்தும் வரவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். ஒற்றை அச்சு ஹோல்டர் மட்டும் இருந்தால், ஆறு புள்ளிகளில் அச்சுக்கு அதிகம் செங்குத்தாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

படம் எடுக்கும் வரிசை: தேர்ந்தெடுத்த புள்ளி ஒளியச்சுக்கு வரும்படி கற்றையைச் சாய்த்து, 10 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறிய ஆப்ஜெக்டிவ் அபெர்ச்சரைப் போட்டு, 5 முதல் 20 விநாடி எக்ஸ்போஷர். பிறகு அதே இடத்தை எதிர்ப்பக்கம் 6 டிகிரி சாய்த்து எடுங்கள். கருப்பும் வெளுப்பும் இடம் மாறினால் அது அடுக்கு வேறுபாடு. மாறாமல் அப்படியே இருந்தால் அழுக்கோ மூன்றாவது அடுக்கோ ஆக இருக்கும்.

மொய்ரே என்றால் என்ன? படத்தில் தெரியும் வட்டவட்டமெல்லாம் மொய்ரேதானா?

கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு மடிப்பை லேசாகத் திருப்பிப் பாருங்கள். வலைக்கண்ணைவிடப் பல மடங்கு பெரிய கட்டங்கள் தோன்றி ஓடும். திருப்பம் குறையக் குறையக் கட்டம் பெரிதாகும். கணக்கு இது: அணிக்கோவை (லாட்டிஸ்) மாறிலியை, அதாவது அணு வரிசை திரும்ப வரும் நீளத்தை, பாதிக் கோணத்தின் சைனின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கிராஃபீனுக்கு மாறிலி 2.46 ஆங்ஸ்ட்ராம். 2 டிகிரிக்கு 7 நானோமீட்டர், 1.1 டிகிரிக்கு 12.8, அரை டிகிரிக்கு 28. இந்த 1.1-தான் 2018-இல் மீகடத்துத்திறன் கண்ட 'மாயக் கோணம்'.

சுமார் 1 டிகிரிக்குக் கீழே அணுக்கள் சும்மா இருப்பதில்லை. ஏஏ பகுதிகள் சுருங்கி, ஏபியும் பிஏவும் முக்கோணங்களாக விரிந்து, நடுவே சில நானோமீட்டர் அகலச் சுவர்கள் நிற்கும். இவற்றைப் பார்க்க, முன்பு சொன்ன டார்க் ஃபீல்டே போதும்.

ஸ்டெம்மில் ஒரு போலி மொய்ரே உண்டு. பிக்சல் இடைவெளியும் அணு வரிசையும் மோதினால் வரும் கட்டங்கள் அவை. ஸ்கேன் திசையை 15 டிகிரி திருப்பியோ உருப்பெருக்கத்தைச் சற்று மாற்றியோ எடுத்தால் போலி உருமாறும். உண்மையான மொய்ரேயின் அளவு நானோமீட்டரில் அப்படியே நிற்கும்.

அணு மட்ட ஸ்டெம் படத்தில் 2எச், 3ஆர், 1டி மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

இருள்புல வளைய டிடெக்டரில் பிரகாசம் அணு எண்ணின் ஏறக்குறைய 1.7 என்ற படிக்கு (பவர்) ஏறும். மாலிப்டினம் 42, கந்தகம் 16. ஒரு மாலிப்டினத்தை 100 என்றால், மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு கந்தகம் சேர்ந்து 39, ஒற்றைக் கந்தகம் 19.

ஓரடுக்கு 2எச்: 100, 39 என மாறி மாறி அறுகோணம், நடு காலி. ஓரடுக்கு 1டி: கந்தகம் இரண்டும் பிரிந்து தனித்தனி இடத்தில், 100, 19, 19. காலி நடு இல்லை. ஈரடுக்கு 2எச்: ஒவ்வொரு மூலையிலும் மாலிப்டினமும் இரண்டு கந்தகமும், எல்லாம் 139, நடு காலி. ஈரடுக்கு 3ஆர்: 139, 100, 39, காலியே கிடையாது. மாலிப்டினம் டைசெலினைடுக்கு வந்தால் ஜாக்கிரதை. அங்கே இரண்டு செலினியம் சேர்ந்து மாலிப்டினத்தை மிஞ்சும், வெளுப்பானதை உலோகம் என்று எழுதிவிடாதீர்கள்.

இனி போலிகள். மாதிரி 5 டிகிரி சாய்ந்திருந்தால் ஈரடுக்கின் மேல் தாள் படத்தில் 0.54 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்து தெரியும். தாள் உண்மையில் சறுக்கியது போலவே இருக்கும். மும்மடிச் சமச்சீர் கொண்ட லென்ஸ் பிழை இருந்தால், சமமாக இருக்க வேண்டிய இரண்டு மூலைகளில் ஒன்று பிரகாசமாகும். அதே பகுதியில் ஒரு ஓரடுக்குத் துண்டை முதலில் எடுத்து 39-க்கு 100 என்ற விகிதம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

60 டிகிரி திரும்பிய இரட்டைப் படிகமணி தனிக் கதை. டிஃப்ராக்‌ஷன் புள்ளிகள் அதே இடத்தில் விழும். ஆனால் ஓரடுக்கில் எதிரெதிர்ப் புள்ளிகளின் செறிவில் 80 கிலோவோல்ட்டில் சுமார் 10 சதவீத வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாடு தலைகீழாவதுதான் அடையாளம்.

கற்றை மாதிரியைக் கெடுக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டோஸை, அதாவது ஒரு பரப்பில் விழும் எலக்ட்ரான் எண்ணிக்கையை, கணக்கிடுங்கள். 20 பிகோஆம்பியர் கற்றை, ஒரு பிக்சலில் 10 மைக்ரோவிநாடி, பிக்சல் 0.2 ஆங்ஸ்ட்ராம்: ஒரு பிக்சலுக்கு 1250 எலக்ட்ரான். அதாவது ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 31,000-க்கு மேல், ஒரே ஒரு படத்துக்கு. ஃபோகஸ் செய்ய நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடம் இதில் சேரவில்லை. ஃபோகஸைப் பக்கத்து இடத்தில் செய்துவிட்டு, புது இடத்துக்கு நகர்ந்து முதல் படத்தைச் சேமியுங்கள். பிறகு அதே இடத்தில் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்து அணு விடுபட்ட இடங்களை எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், முதல் படத்திலேயே சில கற்றையின் கைவேலைதான். கோட்டை வரைந்து டோஸ் பூஜ்யத்துக்கு நீட்டினால் மிச்சம் தெரியும்.

10 மைக்ரோவிநாடியில் ஒரு படம் எடுப்பதைவிட 1 மைக்ரோவிநாடியில் பத்துப் படம் எடுத்துக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது மேல். டோஸ் ஒன்றுதான். ஆனால் ஸ்டேஜ் நிமிடத்துக்கு 1 நானோமீட்டர் நகர்ந்தால் 1024 பிக்சல் படம் முடிவதற்குள் 1.7 ஆங்ஸ்ட்ராம் போயிருக்கும். சாய்ந்த அணிக்கோவையை இழுவிசை என்று எழுதுவது இப்படித்தான் நடக்கிறது.

படம் எடுக்க எடுக்க நடுவில் வெள்ளைச் சதுரம் வளர்கிறதே?

ஹைட்ரோகார்பன் அழுக்கு. கிரிட்டை வெற்றிடத்தில் 160 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். பிளாஸ்மா கிளீனரில் வைக்காதீர்கள். ஆக்சிஜன் பிளாஸ்மா ஓரடுக்கையே தின்றுவிடும். ஹோல்டரை மட்டும், கிரிட் இல்லாமல், பிளாஸ்மாவில் சுத்தம் செய்யலாம்.

மழைக்காலத்தில் மாதிரியைப் பெங்களூருக்கோ சென்னைக்கோ எடுத்துப் போவது எப்படி?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே காற்றே ஈரத்துணி மாதிரி. கிராஃபீனும் போரான் நைட்ரைடும் தாங்கும். கருப்புப் பாஸ்பரசும் டெல்லூரைடுகளும் காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடையும், அவற்றை நைட்ரஜன் பெட்டிக்கு வெளியே எடுக்கவே கூடாது. கிரிட் பெட்டியை நைட்ரஜன் நிரப்பிய பையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அதை இன்னொரு பைக்குள் வையுங்கள். ஜெல் நிறம் மாறியிருந்தால் அடுப்பில் உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள். மறுநாள் கருவி நேரம் என்றால் முந்தின நாளே மாற்றுவேலையை முடித்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் செய்த கிரிட் வேண்டாம்.

பிழைதிருத்தி உள்ள கருவிகள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் வெளியாருக்கும் திறந்திருக்கின்றன. அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே என்று தேடலாம். விண்ணப்பத்தில் "கிராஃபீன் டெம்" என்று மட்டும் எழுதாதீர்கள். மின்னழுத்தம் 60 அல்லது 80, எந்தப் புள்ளியில் டார்க் ஃபீல்டு, எத்தனை டிகிரி சாய்வு, கிரிட்டில் எந்தக் கட்டத்தில் நல்ல துண்டு இருக்கிறது என்று ஒளியியல் நுண்ணோக்கிப் படத்தோடு கொடுங்கள். இரண்டு மணி நேர ஸ்லாட்டில் துண்டைத் தேடுவதற்கே ஒரு மணி நேரம் போகும்.

திரும்பி வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

கருவியின் மூலக் கோப்புகள், அதாவது டி.எம்.4, இ.எம்.டி. போன்றவை. ஜேபெக் போதாது, அதில் செறிவு எண்கள் போய்விடும். 4டி-ஸ்டெம் (ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு டிஃப்ராக்‌ஷன் படம்) எடுத்தால் 256×256 இடங்கள், ஒவ்வொன்றிலும் 256×256 பிக்சல், 16 பிட் என்றால் ஒரு ஸ்கேனுக்கு 8.6 ஜி.பி. வரும். பென் டிரைவ் காணாது, ஹார்டு டிஸ்க் கொண்டுபோங்கள். தங்க வளையப் படம், வெற்று இடத்தின் படம், கற்றை மின்னோட்ட அளவு, ஸ்டேஜ் கோணங்கள் இவையும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும்.

ஃபூரியர் வடிகட்டி போட்டுப் படத்தை அழகாக்கினால், மூலப் படத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைக்கும் வடிகட்டி, அணு இல்லாத இடத்திலும் அணுவை வரைந்துவிடும். நீங்கள் தேடிப் போன, அணு விடுபட்ட இடம் அதில்தான் காணாமல் போகும்.